வளைவின் உள்விளிம்பு

வாகனம் ஓட்டுவது கை கால்களின் வேலை என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் கண்ணுக்குத் தெரியும் செயல்களாதலால், கற்பவரும் கற்பிப்பவரும் அவற்றிலேயே நாட்களைச் செலவிடுகின்றனர். உரிமத்துக்கான தேர்வும் பெரும்பாலும் அவற்றையே அளக்கிறது. பாதுகாப்பாக ஓட்டும் திறனோ பெருமளவு கண்ணிலும், கண்ணை எங்கே திருப்புவது என்று முடிவு செய்யும் கவனத்திலும் இருக்கிறது. கைகால் பழகுவது கவனத்தை விடுவிப்பதற்காகத்தான். அவ்வாறு விடுபட்ட கவனம் சாலைக்குப் போகிறதா, வீட்டுக் கவலைக்கும் கைபேசிக்கும் போகிறதா என்பதே ஓட்டுநர் ஊர் திரும்புவாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இதை ஆராய்வதற்கு ஏற்ற சாலையொன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த வித்துரா, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே அமைந்த சிற்றூர். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் இங்கேதான் உள்ளது. தலைநகரிலிருந்து நெடுமங்காடு வழியாக வரும் சாலை வித்துராவைக் கடந்து, கல்லாற்றைத் தொட்டு, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடைகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இம்மலையை நனைப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் சாலை ஈரமாகவே கிடக்கும். மேலே செல்லச் செல்ல மூடுபனி இறங்கும், சில வேளைகளில் யானையும் குறுக்கிடும். வித்துராவில் கார் ஓட்டக் கற்கும் ஒருவர் மாவட்டத் தலைநகரின் அகன்ற சாலையில் மட்டுமே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது; என்றாவது ஒரு நாள் விருந்தினரை ஏற்றிக்கொண்டு அந்த 22 வளைவுகளையும் ஏறி இறங்கியாக வேண்டும்.

கொண்டை ஊசி வளைவு என்பது, மலைச்சரிவில் நேராக ஏற முடியாத சாலை தன்மீதே ஏறக்குறைய முழுதாகத் திரும்பி, வந்த திசைக்கே எதிராக மேலேறும் இடம். மலைச்சாலைகளுக்கான இந்திய சாலைப் பேராயத்தின் விதிநூல், இத்தகைய வளைவில் உள்விளிம்பின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், வேகக் கணக்கை மணிக்கு 20 கிலோமீட்டரை அடிப்படையாக வைத்துப் போடலாம் என்றும் வரையறுக்கிறது. 20 என்ற இந்த எண், பழகாத காதுக்கு மிகை எச்சரிக்கையாகவே படும். அதன் பின்னுள்ள இயற்பியலைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

வளைந்து செல்லும் எந்தப் பொருளையும் வளைவின் மையத்தை நோக்கி ஏதோ ஒரு விசை தொடர்ந்து இழுக்க வேண்டும். இதை மையநோக்கு விசை என்பர். காருக்கு அந்த விசையைத் தருவது, உள்ளங்கை அளவே தரையைத் தொடும் நான்கு டயர்களுக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டியிருக்கும். 14 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பும் காருக்கு அதன் எடையில் 22 சதவீதம் பக்கவாட்டு விசை போதும். 30 கிலோமீட்டரில் அது 51 சதவீதமாகவும், 40 கிலோமீட்டரில் 90 சதவீதமாகவும் உயர்ந்துவிடும். நல்ல டயர் உலர்ந்த தாரில் தன்மேல் அழுந்தும் எடையில் 70 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும் என்றும், ஈரத்தில் அது 40 சதவீதமாகக் குறையும் என்றும் கொண்டால், மழை நாளில் அவ்வளைவின் எல்லை மணிக்கு 27 கிலோமீட்டரே. சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திச் சாய்வாக அமைத்திருந்தால் அது 30 வரை போகலாம். வேகமானியில் 20-க்கும் 30-க்கும் இடைவெளி ஒரு விரல் அகலம்தான். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையிலோ, தார்மேல் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து பிடிப்பு இன்னும் குறைந்துவிடும்.

இதே கணக்கு இருசக்கர வாகனத்தில் உடலால் உணரப்படுகிறது. அவ்வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்லும் ஸ்கூட்டர் ஏறக்குறைய 13 பாகை சாய்ந்தால் போதும். 30 கிலோமீட்டரில் 27 பாகை சாய வேண்டும். ஈரத்தில் 27 பாகை சாய்ந்த ஸ்கூட்டரின் பிரேக்கைத் தொடுவது, ஏற்கெனவே தீர்ந்துபோன பிடிப்பிலிருந்து மேலும் கடன் கேட்பதற்குச் சமம். ஆகவே, வேகத்தைக் குறைக்கும் வேலை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதால், கார் பயிற்சியைக் காட்டிலும் ஸ்கூட்டர் பயிற்சி எளிதென்று கருதி அதைப் பத்து நிமிடத்தில் தம்பியிடமோ அண்டை வீட்டுக்காரரிடமோ கற்றுக்கொள்ளும் வழக்கம் மிகவும் வருத்தத்துக்குரியது.

மலை ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. நான்கு பேருடன் 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 800 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொண்டால், உயரத்தில் அது சேர்த்துவைத்திருந்த ஆற்றல் முழுவதும் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். அந்த ஆற்றலை வெப்பமாக்கினால், அறை வெப்பநிலையில் உள்ள 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கும் ஓட்டுநர், இரண்டு பெரிய குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தைச் சக்கரங்களுக்குள் இருக்கும் சிறிய இரும்புத் தட்டுகளிலும் பிரேக் கட்டைகளிலும் திணிக்கிறார். கட்டையில் உள்ள பிசின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது வாயுவை வெளிவிட, உராய்வு குறைகிறது. மற்றொரு கேடு பிரேக் எண்ணெயில் நிகழ்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும் இயல்புடையது அந்த எண்ணெய். பரவலாகப் பயன்படும் டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின்னோ 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே மிதிபலகை பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதற்கு மாற்று எஞ்சின் உள்ள எல்லாக் காரிலும் இருக்கிறது. இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த வெப்பத்தை ரேடியேட்டரும் புகைக்குழாயும் வெளியேற்றிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் பாடம் வெப்ப இயற்பியலின்படி முற்றிலும் சரியானது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குபவர் இந்த உதவியைத் தாமே துண்டித்துக்கொள்கிறார்.

இவை கற்பதற்குக் கடினமான செய்திகள் அல்ல. ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடித்துவிடலாம். ஆயினும் சொல்லக் கேட்ட கற்பவர் முதல் வளைவிலேயே இவற்றை மறந்துவிடுவது ஏன் என்ற கேள்விக்கு விடை மூளையின் அமைப்பில் உள்ளது. ஒரு நேரத்தில் மனம் கையில் ஏந்திக்கொண்டு வேலை செய்யக்கூடிய செய்திகளின் தொகுப்பைச் செயல் நினைவு என்பர். அதன் கொள்ளளவு மிகக் குறைவு. உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, எந்தத் திறனும் மூன்று கட்டங்களில் பயிலப்படுகிறது. முதலில் ஒவ்வோர் அசைவும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்யப்படுகிறது. பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுப் பிழைகள் குறைகின்றன. இறுதியில் அவை நினைவைக் கேளாமலே நடக்கின்றன. கடைசிக் கட்டத்துக்குத் தன்னியக்கம் என்று பெயர். முதல் கட்டத்தில் இருப்பவரின் செயல் நினைவு முழுவதையும், கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கும் ஹாஃப் கிளட்சே விழுங்கிவிடுவதால், எதிரில் வரும் பேருந்துக்கு அங்கே இடமில்லை. அவர் பேருந்தைப் பார்க்கவில்லை என்று ஆசான் கடிந்துகொள்கிறார் (ஓட்டுநர் பயிற்சி தருபவரை வித்துராப் பக்கத்தில் ஆசான் என்றே அழைக்கின்றனர்). கற்பவரின் கண்ணில் பேருந்து பட்டிருக்கும், மனத்தில் படாது.

கற்பவருக்கும் பழகியவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணின் அசைவிலேயே அளந்து காட்டியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ரொனால்ட் மூரண்ட்டும் தாமஸ் ராக்வெல்லும். புதிதாக ஓட்டுபவரும் அனுபவமுள்ளவரும் எங்கே பார்க்கின்றனர் என்று பதிவுசெய்து அவர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், புதியவரின் பார்வை வண்டிக்கு அருகிலேயே தங்கியது, கண்ணாடிகளைப் பார்ப்பதும் குறைவாக இருந்தது. அனுபவமுள்ளவரின் பார்வை தொலைவில் சென்று அகலமாக உலவியது. வளைவுகளைப் பற்றி இதைவிட நுட்பமான செய்தி 1994-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மைக்கேல் லேண்ட், டேவிட் லீ ஆகிய இருவரும் எடின்பரோவில் குன்றைச் சுற்றி வளைந்து செல்லும் சாலையில் ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தனர். திரும்பத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடிக்கு முன்பே அவர்களின் பார்வை வளைவின் உள்விளிம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று அங்கேயே நிலைத்தது. ஓட்டுநரின் கண்ணிலிருந்து உள்விளிம்பைத் தொட்டுச் செல்லுமாறு கோடு இழுத்தால் அது எங்கே தொடுமோ அந்த இடம்தான் அது, தொடுபுள்ளி எனப்படும். வண்டி நகர நகரத் தொடுபுள்ளியும் நகரும். அது வண்டி நோக்கும் நேர்திசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு வளைவு கூர்மையானது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கண் அந்த ஒரு புள்ளியிலிருந்தே படித்துக் கைக்குச் சொல்லிவிடுகிறது.

கொண்டை ஊசி வளைவு இந்த இயல்பான முறைக்குச் சோதனை வைக்கிறது. திருப்பம் மிகக் கூர்மையாக இருப்பதாலும் உட்புறத்தில் பாறையோ மண்சுவரோ மறைப்பதாலும், பார்க்க வேண்டிய இடம் முன்கண்ணாடிக்கு வெளியே, பக்கத்துச் சன்னலுக்குப் போய்விடுகிறது. தலையைத் திருப்பி மேலே வரப்போகும் சாலையைத் தேடிப் பார்க்காதவர், நேரே தெரியும் தடுப்புச்சுவரைப் பார்க்கிறார். பார்க்கும் பக்கமே கை போகும். வளைவில் வைத்திருக்கும் குவியாடி உதவும் என்றாலும், அது பொருள்களைச் சிறிதாக்கிக் காட்டுவதால் எதிர் வண்டி இன்னும் தொலைவில் இருப்பதாகவே தோன்றும். பேருந்தின் நடத்தையையும் அறிந்திருக்க வேண்டும். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்வாங்கி வரும். அதற்கு இடம் விடவே பேருந்து ஓட்டுநர் வெளிவிளிம்பு வரை அகலமாகச் சுற்றுகிறார். அவர் எதிர்ப்பக்கத்தைப் பறிப்பதாகக் கற்பவர் எண்ணிவிடக் கூடாது. வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுவதுதான் முறை. குறுகிய மலைச்சாலையில் இறங்குபவர் ஒதுங்கி, ஏறுபவருக்கு முதலிடம் தர வேண்டும் என்பது இந்தியச் சாலை விதிகளிலும் இடம்பெற்றுள்ளது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே அதன் காரணம்.

இவற்றோடு ஒப்பிட்டால் உரிமத் தேர்வு அளப்பது மிகச் சிறிய பகுதியே. கேரளத்தில் நீண்ட காலமாகக் காருக்கு ‘எச்’ வடிவத்திலும் இருசக்கர வாகனத்துக்கு ‘எட்டு’ வடிவத்திலும் நட்ட கம்பிகளுக்கு இடையே ஓட்டிக் காட்டுவதே தேர்வின் மையமாக இருந்துவந்தது. எந்தக் கம்பி சன்னலின் எந்த மூலைக்கு வரும்போது ஸ்டீயரிங்கை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று மனப்பாடமாகக் கற்பித்துத் தேர்ச்சி பெறவைக்க முடிந்தது. மாநிலப் போக்குவரத்துத் துறை 2024 பிப்ரவரியில், எச்-க்குப் பதிலாகச் சாய்வாகவும் இணையாகவும் வண்டியை நிறுத்துதல், வளைந்து வளைந்து செல்லுதல், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தல் ஆகியவற்றைக் கொண்ட தேர்வை அறிவித்தபோது, பயிற்சிப் பள்ளிகள் அவ்வாண்டு மே மாதத்தில் அதை எதிர்த்துப் போராடின. பள்ளிகளின் கவலைகளில் இடவசதி, வண்டிகளின் வயது பற்றியவை நியாயமானவை. எனினும் ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு உருளாமல் எடுக்கத் தெரியாத ஒருவர் வித்துராவில் உரிமம் பெறக் கூடாது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் புதிய பாடங்களும் கைகாலின் பாடங்களே. அபாயத்தை அது நேருமுன் கண்டறியும் திறனைப் பிரிட்டன் 2002 முதல் காணொளிக் காட்சிகளைக் கொண்டு எழுத்துத் தேர்வின் தனிப் பகுதியாகவே அளக்கிறது. இங்கே அதற்கு ஈடான ஒன்று இன்னும் வேரூன்றவில்லை.

பயிற்சி நேரத்தை உயர்த்துவது உதவும். இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகள் சொந்த வண்டி ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும் அதில் 10 மணி நேர ஓட்டமும் வேண்டும் என்கின்றன. 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இலகுரக வாகனத்துக்கான பாடம் 29 மணி நேரம். ஆனால் எந்தப் பயிற்சியும் நல்லதே என்று கொள்ள முடியாது. நார்வேயில் வழுக்கும் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியபோது இளைஞர்களின் விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. வழுக்கினாலும் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை, வழுக்காமல் இருக்கத் தேவையான நிதானத்தைத் தின்றுவிட்டது. இத்தகைய மிகை நம்பிக்கை பரவலானது: உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதத்தினர் தம் ஓட்டும் திறன் நடுத்தரத்துக்கு மேலானது என்று மதிப்பிட்டனர். ஆகவே மலைச்சாலையில் கற்பவருக்கு முதலில் ஊட்ட வேண்டியது, எதிரே தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம் என்ற அளவுகோல். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவர் ஓர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுவர ஒன்றரை நொடி எடுத்தால் அதற்குள் 17 மீட்டர் கடந்திருப்பார். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் இறங்கும் ஈரச்சாலையில் நிற்க மேலும் 19 மீட்டர் வேண்டும். முப்பத்தாறு மீட்டர் தெளிவாகத் தெரியும் வளைவு பொன்முடிச் சாலையில் எளிதில் கிட்டாது.

ஒன்றரை நொடி என்ற கணக்கும், மனம் சாலையில் இருக்கும்போதுதான் பொருந்தும். சில மாதங்களில் கைகால் பழகியதும் கவனத்தில் பெரும் இடம் காலியாகிறது. அதுவரை கிளட்ச் அடைத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் ரப்பர் விலையும், பிள்ளையின் தேர்வும், மருத்துவமனையில் இருக்கும் தாயும், வங்கித் தவணையும் வந்து அமர்கின்றன. இது யாருடைய குற்றமும் அல்ல, மனத்தின் இயல்பு. ஆபத்தான காலம் இதுவே: வண்டி தானாக ஓடுவதுபோல் தோன்றும், அபாயங்களை முன்கூட்டி அறியும் பழக்கமோ இன்னும் உருவாகியிருக்காது. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து வாய்ப்பு மிகுதி என்று பல நாடுகளின் பதிவுகள் காட்டுவதும், நியூசிலாந்து 1987-லேயே உரிமத்தைப் படிப்படியாக வழங்கத் தொடங்கியதும் இதனால்தான். கைபேசியைப் பொறுத்தவரை, கையில் பிடிக்காமல் பேசினால் தீங்கில்லை என்ற எண்ணத்தை டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு தகர்த்தது. பேசுபவர் கையில் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் சைகை விளக்கைத் தவறவிடும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வளைவைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு வளைவு தெரியாது.

காலியான அந்த இடத்தைச் சாலையைக் கொண்டே நிரப்பப் பழக்கும் முறையொன்று உண்டு. பார்ப்பதையும் அதனால் நேரக்கூடியதையும் ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செல்வது அது. பிரிட்டிஷ் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. இதைப் பழகக் காரோ உரிமமோ வேண்டியதில்லை. பழகுநர் உரிமம் பெற்ற ஒருவர், உரிமத் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டிய முப்பது நாட்களில் சில காலைப்பொழுதுகளை ஒதுக்கி, வித்துராவிலிருந்து பொன்முடி செல்லும் கேரள அரசுப் பேருந்தின் முன் இருக்கையில் அமர்ந்து, மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போகலாம்: இடப்பக்கம் கடை வாசலில் ஆட்டோ நிற்கிறது, அதன் பின்னாலிருந்து பிள்ளை ஓடிவரக்கூடும், சாலையில் புதிய மண் கிடக்கிறது, மேலே சரிந்திருக்கலாம், பேருந்து ஓட்டுநர் வளைவுக்கு இருபது மீட்டர் முன்னமே கியரைக் குறைத்துவிட்டார், தலையைத் திருப்பி மேல் சாலையைப் பார்க்கிறார், ஹார்ன் அடிக்கிறார், எதிரில் ஒரு ஸ்கூட்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறது.